பழி கறிக்கடை மேல், கிருமி எங்கிருந்து?

கேள்வி

கோழிக்கறி சாப்பிட்ட ஒருவர் இறந்துபோனார் என்று செய்தி வந்தால், அதிகாரிகளின் வண்டி முதலில் கடைத்தெருவுக்குத்தான் போகிறது. 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தபோது அப்படித்தான் நடந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஒரு சிறுமி இறந்தபோதும் அதுவே நடந்தது. கடை கடையாகச் சோதனை, கெட்டுப்போன கறி பறிமுதல், சில கடைகளுக்குச் சீல். 2023 தொடக்கத்தில் குஜராத்தில் உரிமமில்லாத இறைச்சிக்கடைகள் மூடப்பட்டன. கடையிலேயே கோழி அறுப்பது சரியா என்ற வழக்கு அங்கே உயர் நீதிமன்றத்தில், ‘சட்டப்படி கோழி விலங்குதானா’ என்ற கேள்வி வரை நீண்டது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது.

இந்த நடவடிக்கைகளில் தேவையானவையும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: கோழி சுத்தமாகத்தான் வருகிறது, அதை அழுக்காக்குவது கடை. ஈக்கள் மொய்க்கும் பலகை, இரத்தம் படிந்த தரை, ஒரே வாளித் தண்ணீர் ஆகியவற்றைப் பார்ப்பவருக்கு வேறு சாட்சியம் தேவைப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் அசுத்தமும் குடலைக் கெடுக்கும் கிருமியும் ஒன்றுதான் என்று மனம் உடனே முடிவுகட்டிவிடுகிறது.

இந்தக் கட்டுரை ஆராய்வது அந்த முடிவைத்தான். திறந்த சந்தையில் விற்கும் பச்சைக் கோழிக்கறியில் இருக்கும் கிருமிகள் சந்தையில் ஏறியவையா, சந்தைக்கு வரும்போதே கூட வந்தவையா? விடை எதுவோ அதைப் பொறுத்துத்தான் பணம் எங்கே செலவாக வேண்டும், சட்டம் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அமையும்.

தொடங்கும் முன்பே ஓர் எச்சரிக்கை. செறுவத்தூர் நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது சிகெல்லா. அது மனிதக் குடலில் வாழ்ந்து, மனிதக் கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுவது. கோழி அதன் இருப்பிடம் அல்ல. தட்டில் கோழி இருந்தது என்பதாலேயே நோய் கோழியிலிருந்து வந்ததாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டு கிருமிகள்

பச்சைக் கோழிக்கறியைப் பொறுத்தவரை உலகெங்கும் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இரண்டை: சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர். பொதுப்பேச்சில் இரண்டும் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன. குணத்தில் அவை அறவே வேறுபட்டவை. சந்தை பற்றிய வாதம் முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

சால்மோனெல்லாவின் பெயர் டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரிடமிருந்து வந்தது. அவருடைய கூடத்தில் 1885இல் இந்த வகைக் கிருமியைப் பிரித்தெடுத்தவர் தியோபால்ட் ஸ்மித். டைபாய்டும் ஒரு சால்மோனெல்லாவால்தான் வருகிறது. ஆனால் அந்த இனம் மனித உடலில் மட்டுமே வாழ்வது, கோழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோழியோடு வருபவை என்டெரிடிடிஸ், டைபிமூரியம் போன்ற உறவினங்கள். காய்ச்சல், வயிற்றுவலி, பேதி என்று சில நாள் படுத்திவிட்டுப் பெரும்பாலும் தாமாகவே விலகிவிடும். கைக்குழந்தைகளிடமும் முதியோரிடமும் சில நேரம் இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கும். இக்கிருமிக்கு வெப்பம் உகந்தது. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் வளரத் தொடங்கி, நம் ஊர்ப் பகல் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாக வல்லது.

கேம்பிலோபேக்டர் வேறு சாதி. பேதியில் இறந்த குழந்தைகளின் குடலில் சுருள் வடிவக் கிருமிகளை 1886இலேயே தியோடர் எஷரிச் கண்டு எழுதிவைத்தார். ஆனால் வளர்த்துக் காட்ட அவரால் முடியவில்லை. காற்றில் இருக்கும் அளவு ஆக்சிஜனை இக்கிருமி தாங்காது என்பதே காரணம். 1970களில் பிரஸ்ஸல்ஸில் அதற்கு வழி கண்டார்கள். 1977இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் மார்ட்டின் ஸ்கிரோ என்ற மருத்துவர் பேதி நோயாளிகள் 803 பேரைச் சோதித்து 57 பேரிடம் இதைக் கண்டார்; பேதி இல்லாத 194 பேரில் ஒருவரிடமும் இல்லை. அதுவரை பெயரே தெரியாதிருந்த ஒரு நோய், பணக்கார நாடுகளில் பேதியின் தலையாய காரணங்களில் ஒன்று என்பது அதன் பிறகுதான் தெரியவந்தது.

இது மிக நன்றாக வளர்வது 42 டிகிரியில். கோழியின் உடல் வெப்பமும் அதை ஒட்டியதுதான். 30 டிகிரிக்குக் கீழே பெருகாது. வெட்டிய கறியின் மேல், காற்றுபட்ட நிலையில், இது பெருகுவதற்கு வழி மிகக் குறைவு. உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நோய் தர அதிக எண்ணிக்கை தேவையில்லை. 1981இல் ஓர் ஆய்வாளர் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். கறியிலிருந்து சொட்டும் ஒரு துளி நீரில் அந்த அளவு இருக்க முடியும். நோயுற்றவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு, சில வாரங்கள் கழித்து, கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோய் தொடர்கிறது.

ஆகவே ‘வெயிலில் கிடந்து கிருமி பெருகியது’ என்ற குற்றச்சாட்டு சால்மோனெல்லாவுக்குப் பொருந்தும்; கேம்பிலோபேக்டருக்குப் பொருந்தாது. பின்னது கறியில் இருக்கிறது என்றால், கோழியின் குடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் சந்தைகளில் 2006 மார்ச் முதல் ஓராண்டுக்காலம் எடுத்த 152 கோழிகளைச் சோதித்தார்கள். 88 சதவீதத்தில் சால்மோனெல்லா, 81 சதவீதத்தில் கேம்பிலோபேக்டர். வெப்பம், ஈக்கள், பனிக்கட்டி இல்லாத பலகை என்று எதிர்பார்ப்புக்கு ஏற்ற எண்கள்தாம் இவை. இத்தோடு நிறுத்திக்கொண்டால் சந்தையின் குற்றம் உறுதியாகிவிடும்.

நிறுத்த முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் தன் நாடுகளின் அறுப்புக்கூடங்களில் ஒரே முறையைக் கையாண்டு ஓர் அடிப்படை ஆய்வு நடத்தியது. குளிரூட்டிய, எஃகு பதித்த, நாள்தோறும் கழுவப்படும் கூடங்கள் அவை. அங்கே 75.8 சதவீதக் கோழிகளில் கேம்பிலோபேக்டர் இருந்தது, சால்மோனெல்லா 15.6 சதவீதத்தில். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014 பிப்ரவரி முதல் ஓராண்டு, கடைகளில் விற்ற குளிரூட்டிய முழுக்கோழிகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தது. 73 சதவீதத்தில் கேம்பிலோபேக்டர். 19 சதவீதத்தில் ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல்.

இந்த எண்களை அருகருகே வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. கேம்பிலோபேக்டரில் புனோம் பென் சந்தைக்கும் ஐரோப்பியக் கூடத்துக்கும் இடைவெளி ஐந்தே புள்ளிகள். சால்மோனெல்லாவிலோ ஐந்து மடங்குக்கும் மேல். சந்தையின் அசுத்தம்தான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்க வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று அப்படியே நிற்பதற்கு வேறு விளக்கம் தேவை.

அந்த விளக்கத்தின் பெரும்பகுதி பண்ணையில் இருக்கிறது. 1953இல் சுவீடனின் அல்வெஸ்டா நகர அறுப்புக்கூடத்திலிருந்து கிளம்பிய சால்மோனெல்லா கிட்டத்தட்ட 9,000 பேரை நோயில் தள்ளியது. 90 பேர் இறந்தார்கள். அதிர்ந்துபோன அந்த நாடு 1961 முதல் தீவனம், குஞ்சு பொரிப்பகம், கொட்டகை என்று தொடக்கத்திலிருந்தே சோதிக்கும் முறையைக் கட்டியெழுப்பியது. கிருமி கண்ட கோழித் தொகுதி விற்பனைக்குப் போகாது. சால்மோனெல்லா முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்கும், தீவனம் வழியாகவும், எலிகள் வழியாகவும் வருவது. இந்த வாசல்களை அடைத்தால் அது கோழியில் இருக்காது, அங்கே அடைத்தார்கள். கேம்பிலோபேக்டருக்கு அப்படி அடைக்கத்தக்க வாசல்கள் எளிதில் அகப்படவில்லை. சுத்தமான ஐரோப்பாவிலும் அது முக்கால்வாசிக் கோழிகளில் இருப்பதன் காரணம் அதுவே.

மலேசியாவிலிருந்து 1990களின் நடுவில் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை இன்னும் நேரடியாகத் தொடுகிறது. ஈரச்சந்தைகளில் எடுத்த 445 கோழிகளில் 158இல், அதாவது 35.5 சதவீதத்தில், சால்மோனெல்லா கிடைத்தது. இயந்திரக் கூடங்களில் எடுத்த 104 கோழிகளில் 52இல் கிடைத்தது, சரிபாதி. நவீனக் கூடம் சந்தையைத் தோற்கடித்துவிட்டது, அதுவும் தலைகீழாக. ஒரு நியாயமான விளக்கம்: கூடத்தில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே வெந்நீர்த் தொட்டியிலும் ஒரே குளிர்நீர்த் தொட்டியிலும் முங்கி எழுகின்றன, ஒன்றின் கிருமி எல்லாவற்றுக்கும் பங்காகிவிடுகிறது. சந்தைக்கடையில் அந்தப் பங்கீடு பத்து இருபது கோழிகளோடு நின்றுவிடும்.

இந்த ஒப்பீடுகளுக்கு எல்லை உண்டு. ஓர் ஆய்வு கோழியை முழுதாக அலசிய நீரைச் சோதிக்கும். இன்னொன்று கழுத்துத் தோலை வெட்டிச் சோதிக்கும். இரண்டின் சதவீதங்களைத் தராசில் வைத்தது போல் நிறுக்க முடியாது. மேலும் ‘இருக்கிறது, இல்லை’ என்ற கணக்கு எத்தனை இருக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. வளர்ப்பூடகத்தில் ஊறவைத்தால் ஓரிரு கிருமிகூட ‘இருக்கிறது’ என்று வந்துவிடும். நோய் வருவதோ எண்ணிக்கையைப் பொறுத்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கணிப்பின்படி, கோழிமேல் உள்ள கேம்பிலோபேக்டரை நூறில் ஒன்றாகக் குறைத்தால், கோழி உணவால் வரும் நோய் முப்பதில் ஒன்றாகிவிடும். அத்தனை கோழிகளிலும் கிருமி மிச்சமிருந்தாலும்கூட.

கொட்டகையிலிருந்து கட்டை வரை

கறிக்கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடம் பகுதியில் ஒரு நாள் வயதுக் குஞ்சு கொட்டகையில் இறங்கும்போது அதன் குடலில் கேம்பிலோபேக்டர் இருக்காது. முதல் இரண்டு வாரங்களில் அது தென்படுவது அரிது. பிறகு எதன் வழியாகவோ நுழைகிறது: பக்கத்துக் கொட்டகையில் நடந்த செருப்பு, ஈ, தண்ணீர்க் குழாய். ஒரு கோழிக்கு வந்தால் போதும். தேங்காய் நார்த்தூள் படுக்கையில் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று கொத்தியபடி ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழும் இடத்தில், சில நாட்களில் ஏறக்குறைய எல்லாக் கோழிகளுக்கும் வந்துவிடும். அதன்பின் பெருங்குடல் முனைப்பைகளில் ஒரு கிராமுக்குப் பத்து லட்சம் முதல் நூறு கோடி வரை கிருமிகள்.

கோழிக்கு இதனால் நோய் இல்லை என்றே சொல்லலாம். தீவனம் எடுக்கிறது, ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தொடுகிறது. ஒப்பந்தப் பண்ணையில் வளர்ப்பவருக்குக் கூலி எடைக்கும் தீவனச் சிக்கனத்துக்கும்தான். கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு காசு மாறுவதில்லை. ராணிக்கெட் நோய்க்குத் தவறாமல் தடுப்பூசி போடும் பண்ணை, கேம்பிலோபேக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காததற்குக் காரணம் அலட்சியம் அன்று. இழப்பு அங்கே நிகழ்வதில்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டுக் குழந்தையின் வயிற்றில் நிகழ்கிறது.

பிறகு கோழி பிடிக்கும் இரவு. பிளாஸ்டிக் கூண்டுகள் அடுக்கடுக்காக லாரியில் ஏறுகின்றன. மேல்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டுக் கோழியின் இறகில் விழுகிறது. பயணத்தின் கலவரத்தில் எச்சம் தளர்கிறது. இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கூண்டு சரியாகக் கழுவப்படாமல் அடுத்த பண்ணைக்குள் நுழைந்தால், கிருமி இல்லாத கொட்டகைக்கும் அது கிருமியைக் கொண்டுபோகும். வழியில் இருக்கும் இடங்களிலேயே மலிவாகத் திருத்தக்கூடியதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்தக் கூண்டுதான்.

கடைக்கு வந்தபின் நடப்பவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோலோடு வேண்டும் என்பவருக்குக் கோழியை வெந்நீரில் முக்குகிறார்கள். இறகு பிடுங்கும் எந்திரத்தின் உருளையில் ரப்பர் விரல்கள் அதை உருட்டி அடிக்கின்றன. வெந்நீரில் இறகுக்குழிகள் திறக்கின்றன. உருளையில் உடல் அழுந்தும்போது எச்சம் வெளியேறித் தோல் முழுதும் பூசப்படுகிறது. தோல் குளிரும்போது குழிகள் சுருங்கி உள்ளே போனவற்றைக் காத்துக்கொள்கின்றன. பின்னால் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அவை கழன்று வருவதில்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலோர் கேட்பது தோலுரித்த கறி. கிருமி அதிகம் தங்கும் தோல் விலகுவதால் ஓரளவு நன்மை உண்டு. ஆனால் தோலை இழுத்த அதே கை, கழுவாமல் சதையைத் தொட்டால் அந்த நன்மை குறைந்துவிடும். நாட்டுக்கோழியைத் தீயில் வாட்டி மஞ்சள் தடவும் பழக்கம் மேல்தோலுக்கு வெப்பம் தருகிறது. வயிற்றின் உட்புறத்தை அது எட்டாது.

குடல் எடுக்கும் இடத்தில் கைத்தேர்ச்சி பேசுகிறது. பழகிய கடைக்காரர் குடல் கிழியாமல் ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார். ஐரோப்பியக் கூடங்களில் எந்திரம் ஒரே அளவுக்குப் பொருத்தப்பட்டிருக்கும். கோழி சற்றுப் பெரிதோ சிறிதோ ஆனால் குடல் கிழிகிறது. இந்த ஓர் இடத்தில் கடைக்காரரின் கை எந்திரத்தைவிட மேலானது. அதை ஆய்வுலகம் போதுமான அளவு மதித்ததாகத் தெரியவில்லை.

அதற்கு அடுத்து வருவது புளியங்கட்டை. காலை முதல் இரவு வரை எல்லாக் கோழியும் அதே கட்டையில், அதே கத்தியில் துண்டாகிறது. கத்தி பதிந்த வடுக்களில் சாறும் கொழுப்பும் இறங்குகின்றன. அலசுவதற்கு ஒரு வாளி. இங்கே சந்தை குற்றமற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்தாவது கோழியின் கிருமி ஐம்பதாவது கோழியை எட்டுவது இந்த வாளியிலும் கட்டையிலும்தான். வெட்டிய கறி மணிக்கணக்கில் தொங்கினால் சால்மோனெல்லா பெருகுவதும் உண்மை. அதே சமயம், கண்முன் அறுத்து வாங்கி இரண்டு மணி நேரத்தில் குழம்பாகும் கறிக்கு, மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்த ‘ஃப்ரோசன்’ பொட்டலத்தைவிட ஒரு மேன்மை உண்டு: பெருகுவதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

தற்செயலாக நடந்த சோதனைகள்

கோழியால் நோய் வருகிறது என்பதை நிறுவ ஒரே நேர்வழி, ஒரு நாடு முழுவதும் கோழியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் 1999 ஜூனில் பெல்ஜியத்தில் அது தானாக நடந்தது. தீவனக் கொழுப்பில் டையாக்சின் நச்சு கலந்துவிட்டது தெரிந்து, கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. கேம்பிலோபேக்டர் நோய் சுமார் 40 சதவீதம் இறங்கியது. சில வாரங்களில் கோழி திரும்பிவந்தது, நோயும் திரும்பியது.

ஐஸ்லாந்தில் 1990களின் நடுவரை உறைந்த கோழிதான் விற்றது. உறையவைக்காத கோழி விற்கத் தொடங்கியபின் நோய் ஏறி, 1999இல் உச்சம் தொட்டது: லட்சம் பேருக்கு 116. அறுப்புக்கு முன் கொட்டகையிலேயே சோதித்து, கிருமி கண்ட தொகுதிகளை உறையவைத்து மட்டுமே விற்பது என்று முடிவெடுத்தார்கள். 2000இல் 33.

நியூசிலாந்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 2006இல் அங்கே பதிவான கேம்பிலோபேக்டர் நோயாளிகள் 15,873. அத்தனை சிறிய நாட்டுக்கு அது உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. ஒடாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பேக்கரும் மற்றவர்களும், நுகர்வோருக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டுக் கோழியைச் சுத்தப்படுத்துங்கள் என்று வெளிப்படையாகப் போராடினார்கள். அரசு 2008இல் அறுப்புக்கூடங்களுக்கு எண்ணிக்கை இலக்கு விதித்தது. ‘கிருமியே கூடாது’ என்பதல்ல இலக்கு. இத்தனைக்கு மேல் கூடாது என்பது. அந்த ஆண்டிலேயே நோய், முந்தைய ஐந்தாண்டுச் சராசரியில் பாதிக்கும் கீழே போனது. பின்னர் கில்லன்-பாரே நோயால் மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கையும் 13 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் மக்கள் தம் சமையலறைப் பழக்கத்தை ஒரே ஆண்டில் மாற்றிக்கொண்டதாக யாரும் காட்டவில்லை.

ஆயினும் கறி மட்டுமே வழி என்று நினைப்பதும் தவறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், மனிதர்களுக்கு வரும் கேம்பிலோபேக்டரில் 50 முதல் 80 சதவீதம் வரை கோழியினத்திலிருந்து தோன்றியது. கறியைக் கையாள்வதாலும் சமைத்து உண்பதாலும் வருவது 20 முதல் 30 சதவீதம்தான். மீதி எரு, தண்ணீர், மண், ஈ என்று சுற்றிவருகிறது. கொட்டகையைச் சுத்தப்படுத்தினால் இந்த இரண்டாவது வழியும் அடைபடும். கடையை மட்டும் சுத்தப்படுத்தினால் அடைபடாது. பண்ணையை முன்னிறுத்தும் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

‘இத்தனை நாள் சாப்பிடுகிறோமே’

தலைமுறைகளாகச் சந்தைக் கோழி தின்றவர்கள் கேட்கும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதில் உண்மை இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே இக்கிருமிகளை மீண்டும் மீண்டும் சந்தித்த உடல், வளர்ந்தபின் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. பணக்கார நாடுகளில் இளைஞர்களும் படுக்கையில் விழுவதும், நம் ஊரில் பெரியவர்கள் அசையாமல் இருப்பதும் அதனால்தான்.

அந்தத் தாங்குதிறனுக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதை வேலூர் சொல்கிறது. எட்டு நாடுகளில் பிறந்த குழந்தைகளை நாள்படப் பின்தொடர்ந்த மால்-எட் என்ற ஆய்வின் இந்திய மையம் வேலூர். கேம்பிலோபேக்டர் பற்றி 2016இல் வெளிவந்த அதன் முடிவு: 1,892 குழந்தைகளில் 85 சதவீதத்தினரின் மலத்தில், முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறையாவது இக்கிருமி தென்பட்டது. அடிக்கடி கிருமி கண்ட குழந்தைகள் இரண்டு வயதில் உயரம் குறைந்திருந்தார்கள். பேதி வராத குழந்தைகளிலும் குடல் அழற்சியின் தடயங்கள் இருந்தன. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களுக்கும், சுத்திகரித்த தண்ணீரும் நல்ல கழிப்பறையும் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்று குறைவு.

இந்தக் குழந்தைகள் கடைக்கோழியைத் தின்று நோயுற்றவர்கள் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. முற்றத்தில் மேயும் கோழியும் தண்ணீரும் மனித மலமும் எல்லாம் இதில் உண்டு. ஆனால் ‘நமக்கு ஒன்றும் ஆவதில்லை’ என்ற வாக்கியத்தில் ‘நாம்’ என்பது தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்களை மட்டுமே குறிக்கிறது.

மருந்துக்கு அடங்காதவை

கோழியும் ஆன்டிபயாட்டிக்கும் என்ற பேச்சில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிப்போகின்றன. 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்து 40 சதவீதத்தில் மருந்து எச்சங்களைக் கண்டது. அது கறியில் தங்கிய மருந்து. மருந்தைத் தாங்கிப் பழகிய கிருமி வேறு. பின்னதே பெரிய ஆபத்து.

பஞ்சாபில் 18 பண்ணைகளில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, முக்கியமான மருந்து வகைகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா எவ்வளவு என்று பார்த்தது. கறிக்கோழிப் பண்ணைகளில் எடுத்த கிருமிகளில் 87 சதவீதம், முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42 சதவீதம். மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடைசெய்தது. மிக நல்ல முடிவு. அமெரிக்கா கோழிகளுக்கு என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தடைசெய்ய ஐந்தாண்டுச் சட்டப்போராட்டம் நடத்தி 2005இல்தான் வென்றது. அதற்குள் மினசோட்டா மாநில நோயாளிகளிடம் அந்த வகை மருந்துக்கு அடங்காத கேம்பிலோபேக்டர் 1992இல் 1.3 சதவீதமாக இருந்தது, 1998இல் 10.2 ஆகிவிட்டிருந்தது. அத்தகைய மருந்துகளைக் கால்நடை உணவுத் தொழிலில் ஒருபோதும் அனுமதிக்காத ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது.

கொதிக்கும் குழம்பில் அடங்காத கிருமியும் அடங்கிய கிருமியும் ஒன்றாகவே சாகும். கறி வெட்டுபவரின் கையில், சாக்கடையில், கொட்டகை எருவில் இருப்பவைதாம் மிஞ்சுகின்றன. சந்தையைக் கழுவுவதால் இது தீராது. தீவனப் பையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் என்ன கலக்கிறது என்பதில் இருக்கிறது தீர்வு.

கழுவுவதா, வேண்டாமா

2014 ஜூனில் பிரிட்டனின் உணவுத் தர முகமை ‘பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள்’ என்று பெரிய பிரசாரம் தொடங்கியது. நம் வீடுகளில் இதைக் கேட்டால் திகைப்பார்கள். உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று நீர் அலசாமல் சட்டியில் போடுவது அருவருப்பு.

2019இல் அமெரிக்க வேளாண் துறைக்காக நடந்த ஆய்வு இதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து அளந்தது. தீங்கற்ற அடையாளக் கிருமி பூசிய கோழியைச் சமைக்கச் சொன்னார்கள். கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் தொட்டியில் கிருமி கிடந்தது. 26 சதவீதத்தினர் பக்கத்தில் நறுக்கிய பச்சைக் கீரைக்கும் அதைக் கொண்டுசேர்த்தார்கள். இதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் அடுத்த எண்ணைச் சொல்வதில்லை: கழுவாதவர்களிலும் 31 சதவீதத்தினரின் கீரையில் கிருமி இருந்தது. தண்ணீரைவிடக் கைதான் பெரிய ஊர்தி.

மேலும் அந்த அறிவுரை, கூடத்தில் அலசி உறையிட்டு வரும் கோழிக்கு எழுதியது. சந்தைக் கறியில் உறைந்த இரத்தமும் எலும்புச் சிதறலும் இறகின் அடிக்குருத்தும் இருக்கின்றன. அதைக் கழுவாதே என்று சொல்வது நடக்காத காரியம்; சொல்லவும் வேண்டியதில்லை. உயரத்திலிருந்து விழும் குழாய் நீர் மென்மையான கறியில் பட்டுத் தெறிப்பதுதான் கெடுதல். குழாய் உயர உயரத் தெறிப்பும் கூடும். அகன்ற பாத்திரத்தில் நீரை முதலில் பிடித்து, கறியை அதில் மெதுவாக இறக்கி அலசி, நீரைப் பாத்திரங்கள் இல்லாத வடிகாலில் தாழ்வாக ஊற்றினால் போதும். மஞ்சள்நீரில் சில நிமிடம் கிடப்பதால் ஒட்டிய கிருமி தீர்ந்துவிடாது. மஞ்சள் போட்டாயிற்று என்று சோப்பை விட்டுவிடக் கூடாது. பிரியாணிக்கான வெங்காயத் தயிர்ப் பச்சடியைக் கறியைத் தொடுவதற்கு முன்பே நறுக்கி எடுத்துவைத்துவிட வேண்டும். கோழியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டாலே கிருமிகள் மடியும். குழம்பு அதைத் தாண்டிக் கொதிக்கிறது. வெளியே சிவந்து உள்ளே வேகாத பெரிய துண்டு ‘சிக்கன் 65’, தந்தூரி, ஷவர்மா ஆகியவற்றில்தான் சந்தேகம் வேண்டும்.

கடையில் ஆகக்கூடியது

சந்தையை மூடாமலே மாற்ற முடியும் என்பதற்கு ஹாங்காங் சான்று. 1997இல் பறவைக் காய்ச்சலில் 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தபின், 2001 முதல் எல்லா உயிர்க்கோழிக் கடைகளும் மாதத்தில் ஒரு நாள் கோழியே இல்லாமல் காலியாகிக் கழுவிக் காய வேண்டும் என்று விதித்தார்கள். 2008 முதல் இரவில் உயிர்க்கோழி வைத்திருக்கக் கூடாது. அங்கே எதிரி வைரஸ், இங்கே பாக்டீரியா. ஆனால் கூண்டும் தரையும் ஒரு போதாவது வெறுமையாகிக் காய்ந்தால் சங்கிலி அறுபடுகிறது என்பது இரண்டுக்கும் பொதுவானது. கேம்பிலோபேக்டர் காய்வதைத் தாங்காத கிருமி.

தமிழ்நாட்டுக் கறிக்கடையில் முதலில் வேண்டியது குழாய்த் தண்ணீர். உரிமக் கட்டணம் வாங்கும் உள்ளாட்சி, ஓடும் தண்ணீரும் மூடிய வடிகாலும் தராத இடத்தில் வாளியைக் காட்டி அபராதம் விதிப்பது நியாயமன்று. அடுத்தது ஆள் பிரிப்பு: உயிர்க்கோழியைப் பிடிப்பவர் ஒருவர், வெட்டிய கறியைத் தொடுபவர் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பல கடைகள் வேகத்துக்காக இப்படித்தான் இயங்குகின்றன. மற்ற நாட்களுக்கும் நீட்டிக்க வேண்டும். எந்திர உருளையையும் கட்டையையும் இரவில் வெந்நீரால் கழுவிச் சுரண்டிக் காயவிடுவது மூன்றாவது.

இவை கிருமியைக் குறைக்கும். உள்ளே வந்துவிட்டதை ஒழிக்காது. நியூசிலாந்து இலக்கு வைப்பதற்கு, கோழிகள் எல்லாம் கடந்துபோக வேண்டிய அறுப்புக்கூடம் என்ற ஒரு குறுகிய கழுத்து அங்கே இருந்தது. நம்மிடம் லட்சக்கணக்கான கோழிகள் கூடம் எதையும் பார்க்காமல் கொட்டகையிலிருந்து நேராகக் கடைகளுக்குப் பிரிந்து போகின்றன. ஆகவே அளவெடுப்பது கொட்டகையிலேயே நடந்தாக வேண்டும். ஐரோப்பாவில் சால்மோனெல்லாவுக்குக் கையாளும் முறை எளியது: காலணிக்கு மேல் ஓர் உறையை மாட்டிக்கொண்டு கொட்டகையில் நடந்து, அந்த உறையை ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். ஒரு தொகுதிக்குச் சில உறைகள் போதும். கிருமி கண்ட தொகுதியை அழிக்க வேண்டியதில்லை. வேகவைத்து விற்கும் பொருள்கள் செய்யும் ஆலைக்கோ உறையவைக்கவோ அனுப்பலாம்.

செலவு யாருடையது என்பதில்தான் இது நின்றுபோகிறது. கோழி, குஞ்சிலிருந்தே ஒப்பந்த நிறுவனத்தின் சொத்து, வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, லாரிக்காரருக்கு நடை, கடைக்காரருக்கு அன்றைய விலையில் ஒரு சிறு பங்கு. குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் தேர்ந்தெடுப்பது நிறுவனம். ஆகவே சோதனையையும் கூண்டு கழுவும் இடத்தையும் ஏற்க வேண்டியதும் அதுவே. தினசரி விலையைப் பல்லடத்தில் உட்கார்ந்து நிர்ணயிக்கும் அளவுக்கு ஒருங்கிணைந்த தொழில் இது. கூண்டுகளோடு தொகுதியின் சோதனை முடிவையும் ஒரு சீட்டில் அனுப்பும் வலிமை அதற்கு உண்டு. அந்தச் சீட்டு இல்லாத கோழியை வாங்க மறுக்கும் உரிமையை உணவுப் பாதுகாப்புத் துறை கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இன்று அவர் கேட்டு அறியக்கூடியவை எடையும் விலையும் மட்டும்தான்.